ஓரத்தில் பென்சிலால்

வளைகுடாவில் பிள்ளைகளாக வளர்ந்து இப்போது தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கண்ணில் பட்ட எழுத்தை விடமாட்டோம். சாப்பிடும்போது எதிரில் பால்பவுடர் டப்பா இருந்தால் அதைப் படிப்போம். முதலில் ஆங்கிலம், பிறகு டப்பாவைத் திருப்பி அரபி. அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, அரபியைக் கடகடவென்று வாசித்துவிடுவோம். தமிழ் மட்டும்தான் தகராறு. பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவோம். படிக்கச் சொன்னால் ஆளைக் காணோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு மழைக்காலம் வரைக்கும். அந்த மழைக்காலத்தில் எனக்குத் தமிழ் வாசிக்க வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

சலாலாவில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துபாயும் குவைத்தும் வெந்து கொண்டிருக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் சாரல் அடிக்கும். கரீஃப் என்பார்கள். மலை பச்சையாகிவிடும். மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து ஒட்டகம் நிற்பதுகூடத் தெரியாது. வெயிலுக்குத் தப்பி எல்லா நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டியில் வந்து, சாரலில் நனைந்தபடியே பாய் விரித்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தப் பாயையும் பிளாஸ்கையும் கம்பளியையும் விற்பதுதான் என் வாப்பாவின் வேலை. ஆகவே எல்லோரும் ஊருக்கு லீவில் போகும் மாதங்களில்தான் வாப்பாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த மாதங்களில் கடையின் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, லீவு தரவும் மாட்டார்.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. பள்ளி மூடிய வாரத்திலேயே ஏழு வீட்டுக்கும் பூட்டு விழுந்துவிடும். எனக்கு அப்போது பதினொரு வயது. மாடிப்படியில் ஏறி இறங்கி, பூட்டிய கதவுகளில் இருந்த பெயர்ப் பலகைகளையெல்லாம் படிப்பேன். பிறகு தண்ணீர் மீட்டர்களில் இருக்கும் எண்களைப் படிப்பேன். பிறகு படிக்க ஒன்றுமில்லை என்று வீட்டுக்குள் வருவேன். சத்தம் என்று ஒன்று இருந்தால் அது மொட்டை மாடியில் டிஷ் ஆண்டெனாவின் மேல் சாரல் விழும் சத்தம்தான்.

எங்கள் வீட்டில் காகிதங்களுக்கு ஒரு மரியாதை வரிசை உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தமிழ்ப் பேப்பர் கிடைத்தால் அதை விரித்துச் சாப்பிடலாம், முள் போடலாம். ஆங்கிலப் பேப்பர் கண்ணாடி துடைக்க. அரபிப் பேப்பரை மட்டும் தரையில் போடக்கூடாது, மிதிக்கக்கூடாது. எங்கேயாவது அல்லாஹ்வின் பெயர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். உறைந்த கோழியின் விளம்பரமாக இருந்தாலும் உம்மா அதைத் தரையிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிடுவாள். வருடக்கணக்கில் கோழி விளம்பரங்கள் ஃப்ரிட்ஜின் மேல் மரியாதையோடு உட்கார்ந்திருந்தன.

இந்த வரிசையில் எதிலும் சேராதது ஒன்று இருந்தது. பை. கம்பளி அடைத்து வரும் ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை, வாப்பாவின் கடையில் இருந்து வந்தது. அதற்குள் முப்பது, நாற்பது தமிழ் வார இதழ்களும் மாத நாவல்களும் இருக்கும். லீவு முடிந்து ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் செருகிக்கொண்டு வந்தவை. நான்கு தமிழ் வீடுகளுக்கும் சேர்த்து அந்த ஒரே பை. ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும், பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். எடுத்துப் போவது என் வேலை. எல்லா இதழிலும் கருவாட்டு வாசனை அடிக்கும். மழைக்காலத்தில் காகிதம் நமுத்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். உம்மா அவற்றை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துப் படிப்பாள். வாப்பாவின் சட்டைக்குக்கூட அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

அந்த இதழ்களின் ஓரத்தில் பெண்கள் எழுதிக்கொள்வார்கள். பென்சிலால் மட்டும்தான், பெயர் போடாமல். யார் கையெழுத்து யாருடையது என்று நான்கு பேருக்கும் தெரியும். சமையல் குறிப்பின் பக்கத்தில், இப்படிச் செய்தால் கல்லாகத்தான் வரும் என்று ஒருத்தி எழுதியிருப்பாள். ஜோசியப் பக்கத்தில் பணவரவு என்று போட்டிருந்தால், எந்த வழியாக என்று இன்னொருத்தி கேட்டிருப்பாள். எங்கள் தலைக்கு மேல் வீட்டில் இருந்த மாடி மாமிதான் அதிகம் எழுதுவார். உம்மாவுக்கு அவர்தான் உயிர்த்தோழி. முட்டுவலிக்குத் தைலம், முருங்கைக்கீரை வந்திருக்கும் கடை, மாமியாரின் கடிதத்துக்கு என்ன பதில் போடுவது, எல்லாம் ஓரத்தில் நடக்கும். ஒரு மாதம் கழித்துத்தான் பதில் வரும். அவர்களுக்கு அவசரமும் இல்லை.

ஆண்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் பார்க்கமாட்டார்கள். வாப்பாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்கமாட்டார். படித்துக் காட்டினால் கேட்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சோறும் மீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயில் படுப்பார். கண்ணை மூடிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, மேல்காலை ஆட்டிக்கொண்டிருப்பார். உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தொடர்கதை வாசிப்பாள். கால் ஆடினால் கேட்கிறார், நின்றால் தூங்கிவிட்டார். அப்போது உம்மா குரலை இறக்கித் தனக்காக வாசித்துக்கொள்வாள். நடுவில் ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனால் அந்த வாரத்துக் கதையை உம்மாவே இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவாள். இதழைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தைக்கூடப் புரட்டிக்கொண்டு சொல்வாள். வாப்பாவுக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. சில நேரம் உம்மாவின் வாரம்தான் நன்றாக இருக்கும். ஓரத்தில் எழுதியதை மட்டும் ஒருநாளும் சத்தமாக வாசித்ததில்லை.

எனக்கு ஒரு காக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவன். இரண்டு வருடம் முன்பு வாப்பா அவனை ஊர்ப்பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். இங்கேயே இருந்தால் தமிழும் வராது, கடைசியில் பாயும் பிளாஸ்கும் விற்கத்தான் லாயக்காவான் என்பது வாப்பாவின் எண்ணம். தன்னைப் போல ஆகிவிடக்கூடாது என்ற பயம்தான் அது, இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், காக்காவின் கட்டிலில் பழைய கம்பளிகளை அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் உம்மா போன் கார்டைச் சுரண்டி எண்களை அழுத்தி ஹாஸ்டலுக்குப் பேசுவாள். பாதி நேரம் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் ஹாஸ்டலில் யாராவது எடுத்து, அவனைக் கூப்பிட்டு வருவதற்குள் கார்டு பாதி தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் வாப்பா வெள்ளி காலையிலும் கடையில் இருப்பார். மதியம் வந்து சாப்பிடும்போது பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்பார். நல்லா இருக்கான் என்று உம்மா சொல்வாள். போய்ப் பார்த்துவிட்டு வரவா என்று உம்மா கேட்டதும் எனக்குத் தெரியும். ஒருதரம் இல்லை, பலதரம். சீசன் முடியட்டும், பார்ப்போம் என்று வாப்பா சொல்வார். கோபமே இல்லாமல்தான் சொல்வார். அந்தச் சீசன் முடிந்ததும் இன்னொரு சீசன் வரும்.

அந்த மழைக்காலத்தில் மாடி மாமியும் லீவில் போய்விட்டார். மற்ற இரண்டு தமிழ் வீடுகளும் பூட்டு. பை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. உம்மா எல்லாவற்றையும் இரண்டுமுறை படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். உனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரட்டுமா என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை உம்மா சமையலறையில் இருப்பாள், நான் படிக்கட்டில் இருப்பேன். இப்போது பகல் முழுக்க உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளி நோட்டின் மிச்சப் பக்கங்களில் பென்சிலால் எழுதித் தருவாள், நான் பார்த்து எழுதுவேன். ஈரம் காயாத துணிகளுக்குச் சாம்பிராணிப் புகை போட்டிருப்பாள். அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் நான் தமிழ் படித்தேன்.

ஐந்து வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அச்சு எழுத்து எனக்குச் சிரமம். உம்மாவின் கையெழுத்து சுலபம், அதைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டேன். நான் வாசிக்கும் முறையும் குர்ஆன் ஓதப் போன இடத்து முறைதான். பள்ளிவாசலின் பக்கத்து அறையில் கேரளத்து உஸ்தாது ஒருவர் எங்களுக்கு ஓதிக் கொடுப்பார். பொருள் அப்புறம், முதலில் ஒரு எழுத்து விடக்கூடாது, அதுதான் அவர் பாடம். பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் குறியையும் விடக்கூடாது. ஓதுவதை நிறுத்தி நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய வேண்டிய இடத்தை ஓரத்தில்தான் போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் தாண்டினால் பிரம்பால் பலகையில் ஒரு தட்டு தட்டுவார். அதனால் பக்கம் என்றால் எனக்கு ஓரமும் சேர்த்துத்தான். வாய் வாசிக்கும், மனம் அடுத்த எழுத்தைத் தேடும். என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உம்மா போன் பேசிவிட்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கார்டு தீர்ந்துபோன பிறகும் ரிசீவர் கையில் இருந்தது. காக்கா என்ன சொன்னான் என்று கேட்டேன். நல்லா இருக்கான் என்றாள். அந்த வாரம் முழுக்க எனக்கு எழுத்துப்பாடம் கொஞ்சம் கூடுதலாக நடந்தது. கூட்டெழுத்தெல்லாம் வேகமாக வரவேண்டும் என்று மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

அடுத்த வெள்ளி. வாப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தார். வழக்கமாக உட்காரும் இடத்தில் உம்மா உட்காரவில்லை. ஒரு இதழைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு ஒங்க மவ வாசிப்பா, கேளுங்க" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போய்விட்டாள். வாப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கால் ஆடத் தொடங்கியது.

ஒரு வங்கிக் குமாஸ்தாவின் இரண்டு மகள்களைப் பற்றிய தொடர்கதை அது. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். நான் நொண்டி நொண்டி வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவழியாகப் பக்கம் முடிந்தது. ஓரத்தில் உம்மாவின் கையெழுத்து இருந்தது. மேலிருந்து கீழாக ஒரு பக்கம், அடியில் ஒரு வரி, மறுபக்கத்தில் மேல்நோக்கி என்று மூன்று பக்கமும் சுற்றி எழுதியிருந்தாள். எனக்கு நிம்மதி. இது நமக்குத் தெரிந்த எழுத்து. இதழைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தடங்கலே இல்லாமல், உஸ்தாது கேட்டால் மெச்சும்படி, கணீரென்று வாசித்தேன்.

"போன வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். ஒரு ஆம்பளை எடுத்தாக. உம்மா பேசுறேன்னேன். யாரோட உம்மான்னு கேட்டாக. எம்புள்ள பேரைச் சொல்லி, அவனைக் கூப்பிடுங்கன்னேன். நான்தான் அதுன்னான். என் குரல் அவனுக்குத் தெரியலை, அவன் குரல் எனக்குத் தெரியலை. புள்ளைக்குக் குரல் உடைஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லலை. இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பாராட்டுக்காகத்தான். வாப்பாவின் கால் நின்றிருந்தது. தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண் திறந்திருந்தது. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தமும் நின்றிருந்தது.

"திரும்ப வாசி" என்றார் வாப்பா.

திரும்ப வாசித்தேன். இந்த முறை எழுத்தைத் தேட வேண்டிய வேலை இல்லாததால் வாசித்தது காதில் விழுந்தது. உம்மா மாடி மாமிக்கு ரகசியமாக எழுதியதை வாப்பாவிடம் போட்டு உடைத்துவிட்டேன் என்று புரிந்தது. நிறுத்தலாமா என்று பார்த்தேன். வாப்பா காத்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

வாப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, தூங்காமலேயே கடைக்குப் போய்விட்டார். உம்மா வந்து என் கையிலிருந்து இதழை வாங்கி மூடினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பத்து நாளும் வீட்டில் பேச்சு குறைந்து போனது. வாப்பா சாப்பிட வருவார், போவார். பாய்க்கடையில் கூட்டம் அலைமோதியது. நான் படிக்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டேன். நமுத்த சுவரில் விரலால் எழுதி அழித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒருநாள் மதியம் வாப்பா சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

"போய்ப் புள்ளையப் பாரு. ரெண்டு மாசம் கூட இருந்துட்டு வா" என்றார் உம்மாவிடம்.

ஒரு டிக்கெட்தான் இருந்தது. எனக்குப் பள்ளி திறக்கப் போகிறது, வருடம் வீணாகிவிடும். லீவு முடிந்து மாடி மாமி வந்துவிடுவார், மதியம் சாப்பாடு கொடுப்பார், ராத்திரிக்கு வாப்பா இருக்கிறார், ரெண்டே மாசம்தானே என்று என் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை. நான் சமத்துப் பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன், அதன் பலன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாம் வளர்ந்த கட்டடங்களில், பொண்டாட்டியை ஊருக்கு அனுப்பிட்டான் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நமக்கெல்லாம் தெரியும். எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டில் அப்படி நடந்திருந்தது. தட்டு உடைந்தது, அழுகை கேட்டது, மறுவாரம் அந்த அத்தையை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் அதுதான். நான் ஓரத்தை வாசித்தேன், வாப்பாவுக்குக் கோபம் வந்தது, உம்மாவை ஊருக்கு அனுப்புகிறார். பதினொரு வயதுக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. விமான நிலையத்தில் உம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் கல்லாக நின்றேன். அழுதால் நான்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயம்.

ரெண்டு மாசம் ஏழு மாதமாயிற்று. காக்காவை ஹாஸ்டலில் இருந்து எடுத்து உம்மா ஊரில் வீடு பிடித்து வைத்துக்கொண்டாள். அவனுடைய பரீட்சை முடியட்டும் என்றார்கள், என்னுடைய பரீட்சையும் முடியட்டும் என்றார்கள். சாரல் நின்று, மலை மறுபடி மண் நிறமானது. பள்ளி பஸ் என்னை மூன்று மணிக்கு இறக்கிவிடும். மாடி மாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கழுத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியால் எங்கள் வீட்டைத் திறப்பேன். வாப்பா வர ஒன்பதரை ஆகும். எல்லா அறையிலும் விளக்கைப் போடுவேன். டிவியைச் சத்தம் கூட்டி வைப்பேன். மாடி மாமி நல்லவர், மேலேயே இரு என்பார். ஆனால் அவர் வீட்டில் அவருடைய பிள்ளைகள் அவரிடம் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவர்களுடைய உம்மா அங்கேயே இருந்தாள், அவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் மாறவில்லை. வாப்பாவே ஆக்குவார், சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுப்பார், வாசி என்பார். எனக்கு வாசிப்பு நன்றாக வந்துவிட்டது. ஆனால் அவர் இப்போது கண்ணை மூடுவதில்லை. காலையும் ஆட்டுவதில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பார்.

"ஓரத்துல ஏதும் இருக்காம்மா?"

ஒண்ணுமில்ல வாப்பா என்பேன். பெண்கள் எழுதிய கீரையும் தைலமும் இருக்கும், சொல்லமாட்டேன். ஓரத்தை வாசித்து ஒருதரம் உம்மாவைத் தொலைத்தது போதும் என்று நினைத்தேன். வாப்பா எதற்காகக் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாராவது தன்னிடம் சொல்லாமல் எதையாவது வைத்திருக்கிறார்களா என்று அந்த மனிதர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். தேடியது சரியான இடத்தில்தான். அவருக்குப் பதில் சொன்ன ஆள்தான் சரியில்லை. ஏனென்றால் ஒருநாள் நானும் எழுதினேன். பை எங்கள் வீட்டில் இருந்த வாரம், ஒரு தொடர்கதையின் ஓரத்தில், என் குண்டு குண்டு எழுத்தில், உம்மா போனது என்னால்தான் என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை அதே பக்கத்தைத்தான் வாசித்தேன். வாப்பா கேட்டார். ஒண்ணுமில்ல வாப்பா என்றேன். வாப்பா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பை மூன்று வீடு சுற்றிவிட்டு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தைத் தேடினேன். என் வரிக்குக் கீழே பதில் இருந்தது. யார் கையெழுத்து என்று தெரியவில்லை. கதையில் வருகிற மாதிரியே எழுதுகிறாயே, எழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது, சபாஷ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. தமிழ் எழுதிப் பழகுகிறது குழந்தை என்று நினைத்துவிட்டார்கள். அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதன் பிறகு எதிலும் எழுதவில்லை.

வெள்ளி காலையில் உம்மா ஊரிலிருந்து பேசுவாள். சாப்பிட்டியா, ஓதுறியா, தலைக்கு எண்ணெய் வைக்கிறியா என்று கேட்பாள். நான் நல்லா இருக்கேன் என்பேன். குரலை நிதானமாக, சந்தோஷமாக வைத்துக்கொண்டு சொல்வேன். நான் ரகசியத்தை உடைத்ததில் கோபமாக இருக்கும் உம்மாவிடம் நல்ல பிள்ளையாக இருந்தால் மன்னித்து வந்துவிடுவாள் என்று ஒரு யோசனை. அதில் நான் நன்றாகத் தேர்ந்துவிட்டேன். மார்ச்சில் பரீட்சை முடிந்து வாப்பா என்னை ஊருக்கு அழைத்துப் போனபோது, ஒரு தொந்தரவும் தராமல் இருந்துட்டாளே என்று சொல்லிச் சொல்லி உம்மா என் தலையைத் தடவினாள். காக்கா மீசை அரும்பி நின்றான். யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஊரிலேயே இருந்தோம், வாப்பா மட்டும் சலாலாவுக்கு.

போன வருடம் வாப்பா மௌத்தானார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் உம்மா இருந்தபோது நான் போய் ஒரு மாதம் கூட இருந்தேன். வெளியே போகாத, ஆள் வராத நாட்கள். ஒரு மதியம் உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னவோ பேச்சில், நான் தமிழ் படித்த அந்த வருடம் மாடி மாமி எப்போது லீவில் போனார் என்று கேட்டாள். பள்ளி மூடிய முதல் வாரமே என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு உறைத்தது. மாமி போய் ஆறு வாரம் கழித்துத்தான் உம்மா அந்த ஓரத்தில் எழுதியிருக்கிறாள். பை எங்கேயும் போகாமல் எங்கள் வீட்டில் கிடந்த நாட்கள். அதை எடுத்துப் படிக்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை.

அப்போ அதை யாருக்கு எழுதுனிய என்று கேட்டேன்.

உம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒங்க வாப்பாவுக்குத்தான். நான் சொன்னா சீசன் முடியட்டும்பாக. நீ வாசிச்சா கேப்பாகன்னு தெரியும். ஒரு எழுத்து விடமாட்டியே நீ" என்றாள். சொல்லும்போது அவளுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. நாற்பது வருட வாழ்க்கையில் வாப்பாவை ஜெயித்த ஒரே இடம் அதுதான் போலும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்ததை அன்றைக்குத்தான் இறக்கி வைத்தேன். நான்தான் உங்களை அனுப்பிவிட்டேன் என்று நினைத்ததையும், பூட்டிய வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், நட்சத்திரத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல உம்மாவின் கை நின்றுபோனது. கீரைத்தண்டு விரலிலேயே இருந்தது.

"ஒனக்கு வாப்பா இருந்தாகளே" என்றாள், மெதுவாக.

வாப்பா கடையில் இருந்தார்கள் உம்மா என்றேன்.

விரலில் இருந்த கீரைத்தண்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் கேட்டாள்.

"வெள்ளிக்கு வெள்ளி பேசுனேனே. ஒரு தடவை, வாங்க உம்மான்னு சொல்லியிருந்தியன்னா அடுத்த பிளேனுக்கு வந்திருப்பேனே. ஏம்மா சொல்லலை?"

முப்பது வெள்ளிக்கிழமை இருந்திருக்கும். அத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நான் உம்மாவிடம் பேசியிருக்கிறேன்.